சூளையைக் குறை சொல்வதற்கு முன் ஃபெல்ட்ஸ்பாரைச் சோதியுங்கள்

பீங்கான் ஆலையில் ஒரு சூளைச் சுமை வளைந்தோ, கொப்புளம் விட்டோ, நீரை உறிஞ்சும் நுண்துளைகளோடோ வெளியே வந்தால் பழி முதலில் சூளையின் மீதுதான் விழுகிறது. பர்னரைச் சரிபார்க்கிறார்கள், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றுகிறார்கள், உச்ச வெப்பநிலையைப் பத்து டிகிரி கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். நெய்வேலிப் பகுதியின் சீனாக்களிமண்ணை நம்பி வளர்ந்த விருத்தாசலத்துச் சிற்றாலைகளைப் போன்ற இடங்களில், ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்பவர்களுக்கு ஒரு சுமை வீணாவது அந்த மாதத்து வருமானத்தையே பாதிக்கும். என் அனுபவத்தில் இத்தகைய சிக்கல்களுள் பல, சூளையில் தொடங்குவதில்லை; அண்மையில் வந்திறங்கிய மூலப்பொருளின் வேதிக்கூறு மாறியதிலிருந்தே தொடங்குகின்றன.

சூளையில் நடக்கும் சிண்டரிங் என்பது துகள்கள் முழுவதும் உருகி ஓடாமலேயே, தம் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளும் இயல்பால் ஒன்றோடொன்று பிணைந்து, இடையிலுள்ள துளைகள் மூடப்பட்டு இறுகுவதாகும். களிமண், ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் கனிமம்), குவார்ட்ஸ் (சிலிக்காவாலான கனிமம்) ஆகிய மூன்றும் ஏறத்தாழ 50:25:25 என்ற அளவில் சேரும் மரபான பீங்கானில், ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து உண்டாகும் கண்ணாடித் திரவமே இந்த இறுகலை நடத்துகிறது. அத்திரவம் எந்த வெப்பநிலையில் தோன்றுகிறது, எவ்வளவு தோன்றுகிறது, எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இல்லை. கலவையின் கூறுகளில்தான் இருக்கிறது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள பொட்டாஷுக்கும் (பொட்டாசியம் ஆக்சைடு) சோடாவுக்கும் (சோடியம் ஆக்சைடு) உள்ள வேறுபாடு. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் சிலிக்காவுடன் சேர்ந்து சுமார் 990 டிகிரி செல்சியஸிலேயே திரவத்தைத் தரத் தொடங்கினாலும், அந்தத் திரவம் மிகவும் கெட்டியானது. வெப்பநிலை சற்று ஏறினாலும் பொருள் தன் வடிவத்தை இழப்பதில்லை. சோடா ஃபெல்ட்ஸ்பாரின் திரவம் அதைவிட நெகிழ்ந்தது, வெப்பநிலை ஏற ஏற விரைவில் இளகுவது. துளைகளை வேகமாக மூடும், அதே வேகத்தில் பொருளைத் தொய்யவும் வைக்கும். சோடாவின் மூலக்கூறு எடை 62, பொட்டாஷின் மூலக்கூறு எடை 94 என்பதால், ஒரே எடையில் சோடாவின் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆகவே சரக்கோடு வரும் சான்றிதழில் ‘மொத்தக் காரம் 12 விழுக்காடு’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது ஏறக்குறையப் பயனற்ற தகவல்: பொட்டாஷ் 9, சோடா 3 என்றிருந்த சரக்குக்குப் பதிலாகப் பொட்டாஷ் 6, சோடா 6 என்று வந்தாலும் மொத்தம் 12 தான், ஆனால் முன்பு நேராக நின்ற தட்டு அதே சூளையில், அதே வெப்பநிலையில் வளைந்துவிடக்கூடும்.

களிமண்ணிலும் குவார்ட்ஸிலும் இதே எச்சரிக்கை தேவை. தூய கேயோலின், அதாவது சீனாக்களிமண், சுடும்போது தன் எடையில் சுமார் 14 விழுக்காட்டை நீராக இழக்கிறது. களிமண்ணோடு கலந்து வரும் மணல் கூடினால் எடையிழப்பும் சுருக்கமும் மாறும், அச்சின் அளவு பொய்த்துப்போகும். பழுப்பு நிலக்கரிப் படிவுகளை ஒட்டிக் கிடைக்கும் களிமண்ணில் கரிமப்பொருள் இருந்தால், மேற்பரப்பு மூடிக்கொள்ளும் முன் அது எரிந்து வெளியேற நேரம் கொடுக்க வேண்டும், இல்லையேல் உள்ளே கருமையும் உப்பலும் மிஞ்சும். இரும்பு ஆக்சைடு நிறத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. உயர் வெப்பத்தில் ஆக்சிஜனை வெளியிட்டுக் கொப்புளங்களுக்கும் காரணமாகிறது. சுண்ணாம்பு மிகுந்தால், இறுகும் வெப்பநிலைக்கும் தொய்யும் வெப்பநிலைக்கும் இடையிலான தூரம் ஆபத்தான அளவுக்குக் குறுகிவிடுகிறது. குவார்ட்ஸ் பெருந்துகளாக இருந்தால் திரவத்தில் கரையாமல் தங்கி, குளிரும்போது 573 டிகிரியில் திடீரெனச் சுருங்கித் தன்னைச் சுற்றி நுண்விரிசல்களை உண்டாக்கும். வலிமை மிக்க இன்சுலேட்டர்களில் குவார்ட்ஸுக்குப் பதிலாக அலுமினியம் ஆக்சைடான அலுமினாவைச் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறிய அளவு என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது. அலுமினாவின் உருகுநிலை 2,050 டிகிரிக்கும் மேல். அதன் கடைசித் துளைகளை வெறும் வெப்பத்தால் நீக்க இயலாமல் இருந்த நிலையில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் கால் விழுக்காடு அளவிலான மெக்னீசியாவை (மெக்னீசியம் ஆக்சைடு) சேர்த்து, ஒளி ஊடுருவும் அலுமினாவை உருவாக்கினார். தெருவிளக்குகளாக எரிந்த உயரழுத்த சோடியம் விளக்குகளின் உட்குழாய் அந்தப் பொருள்தான்.

சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. புதிய ஃபெல்ட்ஸ்பாரைப் பழைய சரக்கின் நுண்மைக்கே அரைத்து, இரண்டிலும் ஒரே அளவில் சிறு கூம்புகள் பிடித்து, சூளையில் அருகருகே வைத்துச் சுடுங்கள். எது முன்னதாகச் சாய்ந்து பரவியது என்பது கண்ணுக்கே தெரியும். கலவையில் செய்த பட்டைகளில் 100 மில்லிமீட்டர் கோடு கீறி, சுட்டபின் அளந்தால் சுருக்கம் கிடைக்கும். அவற்றை உலர்ந்த நிலையில் எடைபோட்டு, இரண்டு மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் மேல்நீரைத் துடைத்து மீண்டும் எடைபோட்டால் நீர் உறிஞ்சல் கிடைக்கும். இன்சுலேட்டருக்கு இது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

வேறுபாடு தெரிந்தால் வெப்பநிலையை மாற்ற அவசரப்பட வேண்டாம். பழைய சரக்கையும் புதிய சரக்கையும் கலந்து படிப்படியாக மாறுங்கள். சோடா கூடியிருந்தால் ஃபெல்ட்ஸ்பாரின் பங்கைச் சிறிது குறைத்துப் பட்டைகளை மறுபடியும் சுட்டுப் பாருங்கள். சரக்கு அனுப்புபவரிடம் பொட்டாஷையும் சோடாவையும் தனித்தனியாகக் குறிப்பிட்ட அறிக்கையைக் கேளுங்கள். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கிலோவைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள், ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சரக்கு கையில் இல்லாவிட்டால் மேற்சொன்ன கூம்புச் சோதனையைச் செய்யவே முடியாது.