வீட்டு மனை வணிக மனையாகும்போது ஆய்வு எதைப் பார்க்க வேண்டும்?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் ஒரு மனையை ஆதாரக் குடியிருப்பிலிருந்து (முதன்மையாக வீடுகளுக்கென ஒதுக்கிய வகையிலிருந்து) வணிக உபயோகத்துக்கு மாற்றக் கோரும்போது, அதற்கான அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்களுக்கு நடுவே, சிறிய எழுத்தில் வெளியாகிறது. சர்வே எண்ணைத் தன் தெருவோடு பொருத்திப் பார்க்கத் தெரியாதவர்கள் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். கட்டடம் எழும்பி, கடை திறந்து, வீட்டு வாசலில் வண்டிகள் நிற்கத் தொடங்கிய பிறகுதான் என்னைப் போன்ற நகரமைப்பு ஆலோசகர்களைத் தேடி வருகிறார்கள். அதற்குள் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி கைநழுவிப் போயிருக்கும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி செய்யப்படும் இந்த மாற்றம், 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தையே (நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் மாஸ்டர் பிளானையே) அந்த ஒரு மனையின் அளவுக்குத் திருத்துகிறது. ஆகவே இது ஒரு கட்டடத்துக்குத் தரும் அனுமதி அன்று; அந்த நிலத்துக்கு நிரந்தரமாகத் தரும் தகுதி. விண்ணப்பதாரர் இன்று சிறிய மருந்துக் கடை கட்டப்போவதாகச் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். நாளை அந்த நிலம் கைமாறினால், வணிகப் பகுதியில் விதிகள் இடம் கொடுக்கும் எதையும் புதிய உரிமையாளர் கட்டிக்கொள்ள முடியும். எனவே விண்ணப்பதாரர் சொல்லும் திட்டத்தை அல்ல, அந்த மனையில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அனுமதிக்கும் உச்சபட்சத் தளப்பரப்பை வைத்தே போக்குவரத்தையும் சுற்றுச்சூழலையும் ஆராய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் பார்வைக்கு வரும் ஆய்வு அறிக்கைகளில் பல இந்த இடத்திலேயே சறுக்குகின்றன.

'பெரிய கட்டடம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதியின்போது பேசிக்கொள்ளலாமே' என்று பலர் கேட்பதுண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டும் கட்டடங்களுக்குத்தான் முன் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. அப்படிப்பட்ட கட்டடங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அதனால் அக்கம்பக்கத்தார் தம் கருத்தை முறைப்படி பதிவுசெய்வதற்கான முக்கியமான வாய்ப்பு, நாளிதழில் வரும் அந்தச் சிறிய அறிவிப்புதான்.

போக்குவரத்து அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, அந்தச் சாலையை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலின்படி, இரு வழித்தடங்கள் கொண்ட இருவழிச் சாலை பெருஞ்சாலையாக இருந்தால் மணிக்கு 1,500 கார் அலகுகளையும் (எல்லா வண்டிகளையும் காருக்கு ஈடாக மாற்றிச் சொல்லும் கணக்கு), ஓரத்தில் கடைகளும் நிறுத்திய வண்டிகளும் குறுக்குப் போக்குவரத்தும் உள்ள, தெருக்களின் வண்டிகளைப் பெரிய சாலைகளுக்குக் கொண்டுசேர்க்கும் சேகரிப்புச் சாலையாக இருந்தால் 900 அலகுகளையும் தாங்கும். மனைகளின் வகைப்பாட்டை மாற்றி ஓரமெல்லாம் கடைகள் வந்துவிட்டால், சாலையே முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறங்கிவிடுகிறது. வண்டிகள் கூடும் அதே வேளையில் சாலையின் கொள்ளளவு குறைகிறது. அறிக்கைகளோ பழைய கொள்ளளவை அப்படியே வைத்துக்கொண்டு புதிய வண்டிகளை மட்டும் கூட்டிக் காட்டி, 'தாங்கும்' என்று முடித்துவிடுகின்றன.

இரு சக்கர வாகனத்தை எத்தனை கார் அலகாகக் கணக்கிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மொத்த வண்டிகளில் அதன் பங்கு 5 சதவீதமாக இருந்தால் 0.5, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 0.75 என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. சென்னைத் தெருவில் இரு சக்கர வாகனங்களின் பங்கு 10 சதவீதத்தை எப்போதோ தாண்டிவிட்டது. 600 வண்டிகளை 450 அலகாகக் காட்டாமல் 300 அலகாகக் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு காகிதத்திலேயே காணாமல் போகிறது. கணக்கெடுத்த நாளும் நேரமும் அதைவிட முக்கியம். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் கூட்டம் வருவது சனி, ஞாயிறு மாலைகளிலும் ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாள்களிலும்தான். செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்த கணக்கு அலுவலகக் கட்டடத்துக்குப் பொருந்தலாம், ஜவுளிக் கடைக்குப் பொருந்தாது. ஒரு கட்டடத்துக்கு எத்தனை வண்டிகள் வரும் என்று சொல்லும் அமெரிக்கக் கையேட்டின் பயண விகிதங்களை அப்படியே எடுத்தாளும் அறிக்கைகளும் உண்டு. பக்கத்திலுள்ள அதே மாதிரிக் கடையின் வாசலில் ஒரு சனிக்கிழமை நின்று எண்ணிப் பார்க்க அப்படி என்ன செலவாகிவிடும்?

சுற்றுச்சூழல் பகுதியை இரண்டு பக்கங்களில் முடித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். வீடும் தோட்டமுமாக இருந்தபோது அதில் பாதி வெளியேறியது என்று வைத்துக்கொண்டால், முழுவதும் தளம் போட்ட பிறகு சுமார் 9 லட்சம் லிட்டர் தெருவுக்கு வரும். வடிகால் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். தென்சென்னையில் இந்தத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். ஒரு மனையின் நீர் அதில் அற்பமாகத்தான் தெரியும். அதே தெருவில் அடுத்தடுத்து மாறிய மனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் விஷயம் புரியும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே ஆராயும்போது இந்தக் கூட்டுக் கணக்கை யாரும் போடுவதில்லை.

ஒலியைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரை அனுமதி. வணிகப் பகுதியில் முறையே 65, 55. வணிகப் பகுதியாகிவிட்ட மனையின் ஜெனரேட்டர் 10 டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் அது அனுமதிக்கப்பட்ட அளவுதான் என்ற வாதம் எழும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குபவரின் வீடோ இன்னும் குடியிருப்புப் பகுதியிலேயே இருக்கும்.

ஆட்சேபணை எழுதும்போது, 'எங்கள் அமைதி கெடும்' என்று நூறு பேர் கையெழுத்திட்ட கடிதத்தைவிட, ஒரே ஒருவர் அளந்து தரும் எண்ணுக்கு அதிக மதிப்பு இருக்கிறது. ஆவணத்தில் 40 அடி என்றிருக்கும் சாலையில் டிரான்ஸ்பார்மரும் நடைபாதைக் கடைகளும் போக வண்டி ஓட மிஞ்சும் அகலத்தை டேப் வைத்து அளந்து, தேதியுடன் கூடிய படத்தோடு இணைக்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்க்கலாம். போக்குவரத்து அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் பதில் வர 30 நாள்கள் வரை ஆகும். அதற்குள் ஆட்சேபணைக்கான கெடு முடிந்துவிடக்கூடும் என்பதால், அறிக்கையைப் பார்வையிட அனுமதிக்குமாறு ஆட்சேபணைக் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். மாற்றத்தைத் தடுக்க முடியாது என்று தோன்றினாலும், நுழைவாயில் அகலமான சாலையில் அமைய வேண்டும், சரக்கு லாரிகள் மனைக்குள்ளேயே திரும்ப இடம் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளைக் கேட்கலாம். மாற்றத்தை அறிவிக்கும் அரசிதழ் ஆணையிலேயே அவை இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகத் தந்த உறுதிமொழி, நிலத்தை அடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது.