பிள்ளை பேசாமல் ஒதுங்குகிறதா? 14416-இல் தொடங்கி ஓ.பி. சீட்டு வரை

பத்தாம் வகுப்பு வரை வாயாடியாக இருந்த பையன், பிளஸ் ஒன் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறான். முதலில் செல்போனைப் பிடுங்குவோம். அப்புறம் டியூஷனை மாற்றுவோம். கண் பட்டிருக்கும் என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போடுவார். மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்லி யாராவது ஓர் ஊர் பெயர் சொல்வார்கள். இதிலேயே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். எல்லாம் அக்கறையில் செய்வதுதான், கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில், மனநல உதவிக்கென்றே அரசு வைத்திருக்கும் 14416 என்ற எண்ணுக்கு ஒரு போன்கூடப் போயிருக்காது. அந்தப் போனை யார் போடலாம், அதற்கு அடுத்த படி என்ன, பிள்ளைக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சோகமாக இருப்பதெல்லாம் மனச்சோர்வு நோய் ஆகாது. மதிப்பெண் குறைந்தால், நண்பன் பேசாமல் போனால் யாருக்கும் மனம் வாடும், சில நாளில் தெளியும். அப்படித் தெளியாமல் இரண்டு வாரம் தாண்டியும், ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி அப்படியே இருந்தால் மருத்துவர்கள் கவனிக்கச் சொல்கிறார்கள். பதின்வயதில் இது அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வரலாம். தொட்டதற்கெல்லாம் சள்ளென்று விழுவார்கள். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பார்கள். தூக்கம் ஒன்று கெட்டுப்போகும், இல்லையென்றால் எந்நேரமும் தூக்கமாகவே இருக்கும். உயிராக நினைத்த கிரிக்கெட் மட்டை மூலையில் தூசி படிந்து கிடக்கும். நாம் இதற்கு வைக்கும் பெயர் திமிர் அல்லது சோம்பேறித்தனம்.

நோயா இல்லையா என்று முடிவுகட்டுவது நம் வேலை இல்லை. ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் பிள்ளைகள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார்கள். பார்க்க வேண்டியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

எப்படிப் பேச்சை எடுப்பது? "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று ஆரம்பித்தால் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும். நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிப்பதைவிட, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ மாடியில் துணி எடுக்கும்போதோ கேட்பது எளிது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. "ரெண்டு வாரமா நீ சரியா சாப்பிடல, தூங்கல. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். திட்ட வரல. என்கிட்ட சொல்ல முடியலன்னா பரவாயில்ல, சொல்றதுக்கு ஒரு நம்பர் இருக்கு" என்றால் போதும். எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

14416: அழைத்தால் என்ன நடக்கும்?

அந்த எண் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் திட்டம் இது. 2022 பட்ஜெட்டில் அறிவித்து, அதே ஆண்டு உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று தொடங்கினார்கள். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை இதற்குத் தலைமை மையம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. அந்த எண் கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்பதும் இதே சேவைதான்.

அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். அவர் பேசியே தீர்க்கக்கூடியது என்றால் அங்கேயே முடியும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றுவார், அல்லது பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று வழிகாட்டுவார். பெற்றோரின் கையெழுத்து, ஆதார், பள்ளி அடையாள அட்டை எதுவும் போனில் பேசத் தேவையில்லை. பதினைந்து வயதுப் பெண் நேரடியாக அழைத்துப் பேசலாம்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பிள்ளை பேச மறுத்தால் அப்பாவோ அம்மாவோ அழைக்கலாம். "என் பையன் இப்படி இருக்கான், எப்படிப் பேசுறது?" என்று கேட்பதும் இந்தச் சேவைக்குள் வருவதுதான். என்னைக் கேட்டால் முதல் அழைப்பு பெற்றோருடையதாக இருப்பதே நல்லது. நாமே ஒருமுறை பேசிப் பார்த்த எண்ணைத்தான் பிள்ளைக்கு நம்பிக்கையோடு கொடுக்க முடியும்.

மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. நீட் தேர்வு சமயத்தில் மாணவர்களை இங்கிருந்தே அழைத்துப் பேசியிருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. வீட்டிலோ வெளியிலோ குழந்தைக்குத் துன்புறுத்தல் நடக்கிறதென்றால் 1098. தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தொண்டு நிறுவனத்தின் எண் 044-24640050.

பள்ளிக்கு என்ன கடமை?

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு. உரிய சட்டம் வரும்வரை நாடு முழுவதும் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் 15 வழிகாட்டு நெறிகள் அதில் இருக்கின்றன.

பெற்றோருக்கு நேரடியாக உதவும் சிலதை மட்டும் சொல்கிறேன். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம், தகுதிபெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் வெளியில் உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களை 'ஏ பேட்ச், பி பேட்ச்' என்று கூடியவரை பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது. டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "ஆலோசகர் யார், எந்த நாளில் வருவார்?" என்று கேளுங்கள். எத்தனையோ கட்டணம் வாங்குகிறார்கள், இதைக் கேட்பதில் கூச்சம் என்ன? தமிழ்நாட்டில் கல்லூரி சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றம் இருக்கிறது. 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிய திட்டம் அது.

மருத்துவமனையும் சட்டமும்

ஆலோசகர் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். மற்ற நோய்க்குப் போவது போலத்தான், ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். கூட்டம் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை, காலையிலேயே போய்விடுங்கள். 10 முதல் 19 வயதினருக்கென 2014-இல் வந்த தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்திலும் மனநலம் ஓர் அங்கம்தான்.

"பதிவு ஆகிவிடுமே, நாளைக்கு வேலை, கல்யாணம் என்று வரும்போது தெரிந்துவிடுமே" என்பதுதான் வீடுகளில் நான் அதிகம் கேட்ட பயம். இதற்கு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 பதில் சொல்கிறது. அதன் 23-ஆம் பிரிவுப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் சட்டக் கடமை. பள்ளி கேட்டாலும் சித்தப்பா கேட்டாலும் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

பிள்ளையிடம் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர்தான் சட்டப்படி நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் பிள்ளை சார்பில் பேசுபவர்; ஆகவே சிகிச்சைக்குத் தேவையானதை மருத்துவர் பெற்றோரிடம் பேசுவார். ஆனாலும் முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பார். அப்போது வெளியே போய் உட்காருங்கள். "எதுவா இருந்தாலும் என் முன்னாடியே சொல்லட்டும்" என்று அடம்பிடிக்க வேண்டாம். பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகப் பிள்ளை சொன்னால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் ரகசியம் செல்லாது.

"கரண்ட் வைப்பார்கள், கட்டிப் போடுவார்கள்" என்ற பயம் சினிமா பார்த்து வந்தது. மனச்சோர்வுக்கு வரும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் படுக்கையே தேவைப்படாது. சேர்க்க நேர்ந்தாலும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு கடுமையானது. ஒரு மனநல மருத்துவர் மட்டும் முடிவெடுக்க முடியாது, இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வார்டில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்தவரோ கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மின் அதிர்வுச் சிகிச்சை சிறாருக்குத் தடை; தவிர்க்கவே முடியாத நிலையில்கூட பெற்றோர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது.

"செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று பிள்ளை சொன்னாலோ எழுதி வைத்திருந்தாலோ, மிரட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள். "அந்த மாதிரி எண்ணம் வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, கேட்க ஆள் இருக்கிறது என்றுதான் தெரியும். தனியாக விடாமல் கூட இருங்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். ஆபத்து உடனடி என்றால் 108, அல்லது நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

மருத்துவர் முதல் நாளே மாத்திரை எழுதுவார் என்றில்லை. லேசான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையிலேயே தொடங்குவார்கள். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், பத்து நாளில் "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்திவிடக் கூடாது. கொஞ்சம் தெளிந்ததும் நாமாக நிறுத்துவதும் தவறு. தொடங்கிய முதல் சில வாரங்களில் பதற்றமோ தூக்கமின்மையோ தவறான எண்ணமோ கூடுகிறதா என்று கூர்ந்து பாருங்கள், கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபடி வர வேண்டிய தேதியைச் சீட்டிலேயே எழுதித் தருவார்கள். அன்றைக்குப் பள்ளி விடுப்புக் கடிதத்தில் 'மருத்துவரைப் பார்க்கச் செல்வதால்' என்று எழுதினால் போதும்.