மின்னும் எலியும் நானோ சொட்டும்

போன வாரம் சுங்கை சிப்புட்டில் என் மருந்தகத்துக்கு ஓர் அக்கா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு ஈப்போவில் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை நீட்டினார்.

"பாருங்க தம்பி, மருந்து நேரா கட்டிக்குப் போய் மின்னுது. இந்த நானோ சொட்டு 280 வெள்ளியாம். வாங்கலாமா?"

மின்னியது ஆய்வுக்கூடச் சுண்டெலி. நானோ எனப்படும் மிக நுண்ணிய மருந்துத் துகளோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஊசியில் ஏற்றி, இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படம் பிடிப்பார்கள். நல்ல ஆய்வு முறைதான். சொட்டு விற்பவர் அதை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்.

கைப்பேசி விளக்கை விரல்நுனியில் அழுத்தச் சொன்னேன். சிவப்பாகத் தெரிந்தது. பச்சையையும் நீலத்தையும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும், சிவப்புதான் தப்பி வரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், ஏறக்குறைய 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது இன்னும் சற்று ஆழம் போகும். அதுவும் சென்டிமீட்டர் கணக்குதான். சுண்டெலிக்குப் போதும், நம் வயிற்றுக்குள் இருக்கும் கட்டிக்கு எட்டாது.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. கேமரா பார்ப்பது சாயத்தை, மருந்தை அல்ல. இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கண் பரிசோதனையில் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றுவார்கள். மறுநாள் "சிறுநீர் மஞ்சளா போகுது" என்று பதறிக்கொண்டு வருவார்கள். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் சாயம். 1959-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற இண்டோசயனின் பச்சை என்ற சாயமோ கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்துவிடும். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு வழி. துகளிலிருந்து சாயம் கழன்றுவிட்டால், பஸ்ஸை விட்டு இறங்கிய பயணியைப் பார்த்து பஸ் இங்கேதான் நிற்கிறது என்று சொன்ன கதைதான். கழலாவிட்டாலும், துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வந்த ஓர் அலசலில், ஏற்றியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 விழுக்காடு. படத்தில் நிற அளவுகோலைக் கொஞ்சம் திருகினால் அந்தச் சொற்பமும் தீயாய் எரியும்.

நானோ மருந்தே புரட்டு என்று சொல்லவில்லை. கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனால் சாதாரண டாக்சோரூபிசினைவிட இதயத்துக்குப் பாதிப்பு குறைவு. 2021-ல் நம்மில் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசியும் கொழுப்பு நானோ துகளில்தான் வந்தது. இரண்டும் ஊசிகள், சோதித்து அனுமதிக்கப்பட்டவை.

அப்புறம் சொட்டு மருந்துப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 'மால்' (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் எங்கேயும் இல்லை. கீமோவோடு எது ஒத்துப்போகும், எது போகாது என்பதை ஈப்போ டாக்டரிடம் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள் என்றேன்.

"சரி தம்பி. அந்த எலி பொழச்சுதா?"

பெரும்பாலும் கடைசியில் அறுத்து, உறுப்பு உறுப்பாக வெளியே எடுத்து வைத்துத்தான் கணக்கைச் சரிபார்ப்பார்கள் என்றேன். அக்கா காணொளியை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.