குவாட்காப்டர்: நிரலைத் திருத்தும் முன் ஒயரிங்கைப் பாருங்கள்

நான்கு மோட்டார் கொண்ட ட்ரோனான குவாட்காப்டரைப் பறக்கும்போது சமநிலையில் வைக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலரைத் தாமே செய்து பார்க்கும் பொறியியல் மாணவர்கள் பழுது பார்க்க என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலானோர், "பிஐடி மதிப்பு செட் ஆகவில்லை சார்" என்றுதான் தொடங்குவார்கள். (பிஐடி என்பது கலத்தின் சாய்வுக்கேற்ப மோட்டார் வேகத்தைத் திருத்தும் கணக்கு.) மோட்டார்கள் ஓடும்போது சென்சாருக்குப் போகும் மின்னழுத்தத்தை அளந்தீர்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

அப்படி வந்தவற்றில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. 450 மி.மீ. சட்டகம், 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டார்கள், மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, கன்ட்ரோலராக ஆர்டுயினோ யூனோ பலகை, அசைவை அளக்கும் எம்பியு-6050 சென்சார் பொருத்திய ஜிஒய்-521 பலகை. மேசைமீது யுஎஸ்பி மூலம் இயக்கியபோது கோணங்கள் துல்லியமாக வந்தன. திடலில் இடுப்பளவு உயரம் எழும்பியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. த்ராட்டிலை முழுவதும் இறக்கிய பிறகும் மோட்டார்கள் நிற்கவில்லை. பேட்டரியைப் பிடுங்கப் போன மாணவருக்கு விரலில் நான்கு தையல் போட வேண்டியிருந்தது.

பிரித்துப் பார்த்தபோது, சென்சாரின் 20 செ.மீ. நீள ஜம்பர் ஒயர்கள் மோட்டார் ஒயர்களோடு சேர்த்து ஒரே டேப்பால் கட்டப்பட்டிருந்தன. இந்தச் சென்சார் கன்ட்ரோலரோடு பேசுவது ஐ2சி வழியாக; அது கடிகாரக் கம்பி, தரவுக் கம்பி என இரண்டு கம்பிகளில், ஒரே பலகைக்குள் குறுகிய தொலைவுக்காக வகுக்கப்பட்ட இணைப்பு. மோட்டார் ஒயரிலோ நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டம் வெட்டி வெட்டி ஓடுகிறது. அதன் தாக்கத்தால் கடிகாரக் கம்பியில் பொய்த்துடிப்பு ஒன்று விழுந்தால், சென்சார் கணக்குத் தவறி, தரவுக் கம்பியைத் தாழ்நிலையிலேயே பிடித்துக்கொண்டு அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கும். காலவரம்பு வைக்காத நிலையில், ஆர்டுயினோவின் ஐ2சி நூலகமும் அதே இடத்தில் முடிவின்றிக் காத்து நிற்கும். ஆனால் மோட்டார்களுக்குத் துடிப்பு அனுப்பும் டைமர் தனியாக இயங்குவதால், கடைசியாகப் பெற்ற மதிப்பையே அது அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த மாணவரின் விரலை வெட்டியது இதுதான். பிஐடிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஆகவே சென்சார் ஒயர்கள் 10 செ.மீ.க்குள் இருக்கட்டும்; ஜம்பரைச் செருகாமல் சாலிடர் செய்யுங்கள்; மோட்டார் ஒயரைக் கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும். வாய்ப்பிருந்தால் எஸ்பிஐ என்ற வேறு வகை இணைப்புள்ள எம்பியு-6000 போன்ற சென்சாரைத் தேர்ந்தெடுங்கள். நான் புதிதாகச் செய்யும் எதிலும் ஜைரோவை (சுழற்சியை அளக்கும் சென்சாரை) ஐ2சியில் இணைப்பதில்லை.

அடுத்தது மின்சாரம். மூன்று செல் பேட்டரி முழுமையாக ஏறியிருக்கும்போது 12.6 வோல்ட் தரும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற மின்சுற்று அதை 5 வோல்ட்டாக இறக்குகிறது. நான்கு இ.எஸ்.சி.களிலும் பி.இ.சி. இருந்தால் ஒன்றின் சிவப்பு ஒயரை மட்டும் கன்ட்ரோலருக்குக் கொடுத்து, மற்ற மூன்றையும் கழற்றி இன்சுலேட் செய்துவிடுங்கள். ஸ்விட்சிங் வகை பி.இ.சி.களை ஒன்றோடொன்று இணைத்தால் ஒன்றின் வெளியீட்டோடு மற்றொன்று மோதும். கிரவுண்ட் ஒயரை மட்டும் எந்த இ.எஸ்.சி.யிலும் விட்டுவிடக் கூடாது. பேட்டரி ஒயர்கள் வந்து சேரும் இடத்திலேயே 470 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், குறைந்த இ.எஸ்.ஆர். (உள் மின்தடை) கொண்ட கெப்பாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். பேட்டரி அளவைக் கண்காணிக்க 10 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம் தடைகளைத் தொடராக இணைத்தால், 3.3 கிலோ ஓம் தடையின் இரு முனைகளுக்கிடையே 12.6 வோல்ட் ஏறத்தாழ 3.1 வோல்ட்டாக இறங்கும், அதை 3.3 வோல்ட் கன்ட்ரோலருக்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.

காம்பஸ் விஷயத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 10 ஆம்பியர் ஓடும் ஒற்றை ஒயரிலிருந்து 5 செ.மீ. தொலைவில் உருவாகும் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் புவியின் காந்தப்புலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால்தான் காம்பஸை ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து உயரமான தண்டின்மேல் வைக்கிறார்கள். பேட்டரியின் இரு ஒயர்களையும் முறுக்கி ஓட்டினால் புலங்கள் பெருமளவு ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: எச்எம்சி5883எல் என்ற பெயரில் விற்கப்படும் பலகைகள் பலவற்றில் கியூஎம்சி5883எல் சில்லுதான் இருக்கிறது. முன்னதன் ஐ2சி முகவரி தசம எண்ணில் 30, பின்னதன் முகவரி 13; தரவைப் படிக்கும் பதிவேடுகளும் (ரெஜிஸ்டர்கள்) வேறு. சில்லு மாறியது தெரியாமல் நிரலோடு நாள்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும் பாரோமீட்டரின் மேல் காற்று புகும் சிறு ஸ்பாஞ்சுத் துண்டை ஒட்டுங்கள். கடல்மட்டத்தருகே 1 மீட்டர் உயர வேறுபாடு வெறும் 0.12 ஹெக்டோபாஸ்கல்தான்; புரொப்பல்லர் தள்ளும் காற்றே அந்த அளவை எளிதில் கலைத்துவிடும்.

முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை ±2ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 2 மடங்கு) வரம்பில் வைக்காதீர்கள். அதிர்வின் உச்சிகள் அந்த வரம்பில் வெட்டுப்பட்டு, மட்டமாக இருக்கும் கலம் சாய்ந்திருப்பதாகக் கணக்கு வரும். ±8ஜி போதும். அதற்கும் முன்னால், புரொப்பல்லர்களைச் சமன் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நான் கட்டாயமாகச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நான்கு புரொப்பல்லர்களையும் கழற்றிவிட்டு, மோட்டார்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, சென்சாரின் தரவு ஒயரைக் கிரவுண்டோடு தொட வைப்பேன். ஒரு நொடிக்குள் நான்கு மோட்டார்களும் நிற்க வேண்டும். ஒன்று சுழன்றுகொண்டிருந்தாலும் அன்று புரொப்பல்லரை மாட்டுவதில்லை.