இணைப்பு உண்டு, கோப்பு வராது

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒருவர் சாங்கி பிசினஸ் பார்க்கில் உள்ள அலுவலகத்தின் பிணையத்துக்குள் நுழையும் பாதுகாப்பான வழியான விபிஎன்னைத் திறக்கிறார். 'இணைக்கப்பட்டது' என்று பச்சை காட்டுகிறது. 'இருக்கிறாயா?' என்று சர்வரைக் கேட்கும் பிங் போட்டால் பதில் வருகிறது. சர்வரில் லாகின்கூட ஆகிவிடுகிறது. பெரிய எக்செல் கோப்பைத் திறந்தால்தான் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டு வைஃபைக்குத் திட்டு விழும். இந்த அறிகுறிகள் ஒன்றாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பாக்கெட்டின், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் சிறு பொதியின், அளவை.

கம்பிவழிப் பிணையமான ஈதர்நெட்டில் ஒரு ஐபி பாக்கெட் வழக்கமாக 1500 பைட்டைத் தாண்டக்கூடாது. இந்த வரம்புதான் எம்டியூ. விபிஎன் அந்தப் பாக்கெட்டைக் குறியாக்கம் செய்து, மேலே இன்னொரு முகவரியை ஒட்டுகிறது. வயர்கார்ட் என்ற விபிஎன் வகையில் இந்தக் கூடுதல் சுமை, இணைய முகவரி முறையின் பழைய பதிப்பான ஐபிவி4 வழியில் 60 பைட், புதிய பதிப்பான ஐபிவி6 வழியில் 80. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உயரத் தடுப்பில், கூரைமேல் சாமான் கட்டிய வேன் இடிப்பது போலத்தான் இதுவும்.

இடித்தால் வழியிலுள்ள ரூட்டர் சும்மா இருக்கக்கூடாது. 'துண்டாக்காதே' என்ற குறியுடன் வந்த பெரிய பாக்கெட்டைக் கைவிட்டு, 'இவ்வளவுதான் போகும்' என்று அனுப்பிய கணினிக்கு ஐசிஎம்பி செய்தி (பிணையத்தின் நிலை, பிழை பற்றிய அறிவிப்பு; பிங்கும் இதில் ஒரு வகை) அனுப்ப வேண்டும். 1990இல் வகுத்த முறை இது. செய்தி கிடைத்ததும் அந்தக் கணினி அளவைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பிங்குக்கு மட்டும் வழிவிட்டு மற்ற ஐசிஎம்பியை எல்லாம் பிணையத்தின் காவல் தடுப்பான ஃபயர்வாலில் அடைத்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாதுகாப்பாம்! செய்தி கிடைக்காத சர்வர் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். லாகினில் போய்வருபவை சிறிய பாக்கெட்டுகள், அவை தப்பிவிடுகின்றன.

சோதிப்பது எளிது. விபிஎன் வழியாகச் சர்வருக்கு, துண்டாக்காதே குறியுடன் பிங் அளவை ஏற்றிக்கொண்டே போங்கள். 1372 பைட் போய் 1373 நின்றால், பாக்கெட்டின் முன்னால் சேரும் 28 பைட் தலைப்பையும் கூட்டி அந்த வழியின் எம்டியூ 1400.

விபிஎன் இணையவே இல்லையென்றால் அது வேறு கதை: ஐபிசெக் என்ற விபிஎன் வகை என்றால் யுடிபி (பெற்றதற்கான உறுதியை எதிர்பாராமல் தரவை அனுப்பும் முறை) 500, 4500 போர்ட்டுகள், அதாவது ஃபயர்வாலில் உள்ள எண்ணிட்ட வாசல்கள், திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வீடு, அலுவலகம் இரண்டிலும் 192.168.1 என்றே முகவரிகள் தொடங்கினாலும் குழப்பம்தான்.

அளவுச் சிக்கலுக்கு விபிஎன் இடைமுகத்தின் எம்டியூவை 1400ஆகக் குறைக்கலாம்; அல்லது ஐபிவி4 என்றால் விபிஎன்னின் அலுவலக வாசலான கேட்வேயில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது டிசிபி முறையில் ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, 1360க்குக் கட்டுப்படுத்தலாம். இரண்டாவது வழி யுடிபிக்கு உதவாது. ஃபயர்வாலைக் கவனிப்பவர் ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4க்கு, அதாவது அந்த 'இவ்வளவுதான் போகும்' செய்திக்கு, வழிவிட்டிருந்தால் இதில் எதுவுமே பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது.