கம்பெனி இரண்டு, வரம்பு ஒன்றுதான்

அமெரிக்காவில் வருமானவரி ரிட்டர்ன் போடும் இந்த ஃபைலிங் சீசனில், இதே சிக்கலோடு என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

கணவர் போன ஆகஸ்டில் வேலை மாறியவர். வருடச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டி ஒவ்வொரு கம்பெனியும் தரும் டபிள்யூ-2 படிவங்கள் இரண்டை மேசையில் வைத்தார். 12ஆம் கட்டத்தில், 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்துக்குப் பிடித்ததைக் காட்டும் ‘டி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒன்றில் 16,000 டாலர், மற்றதில் 13,000. மொத்தம் 29,000. ஐம்பது வயதைத் தொடாதவர் 2025இல் தன் சம்பளத்திலிருந்து 401கே-யில் போடக்கூடியது 23,500. ஆக, 5,500 டாலர் அதிகம்.

“புது கம்பெனியில கணக்கு புதுசாத்தானே சார் ஆரம்பிக்கும்?” என்றார்.

ஆரம்பிக்காது. இந்த வரம்பு ஆளுக்குத்தான். ஊரில் ரேஷன் கார்டு வைத்திருந்தவர்கள்தானே நாம்? மாதப் பாதியில் வீடு மாறி வேறு கடைக்குப் போனால் அந்த மாத அரிசியை இன்னொரு முறை முழுசாகத் தருவார்களா? அதே கதைதான். புது கம்பெனியின் பேரோலுக்கு, அதாவது சம்பளப் பிரிவுக்கு, அது தரும் சம்பளம் மட்டும்தான் தெரியும். பழைய இடத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் 401கே-யில் போட்டாலும் அதே 23,500க்குள்தான். கம்பெனி தன் பங்காகப் போடும் மேட்ச் மட்டும் இந்தக் கணக்கில் வராது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. சம்பளத்தில் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதிய வரிக்கும் ஒரு வருடாந்திர உச்சவரம்பு உண்டு. 2025இல் 1,76,100 டாலர் சம்பளம் வரை. இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து அதற்கு மேல் பிடித்திருந்தால், ரிட்டர்ன் போடும்போது அது கிரெடிட்டாகத் திரும்பி வந்துவிடும். “போன தடவை அது தானாக வந்ததே, இதுவும் வரும்” என்று இருந்துவிடுகிறார்கள். வராது. 401கே-யில் கூடுதலாகப் போனதை, அதில் வந்த லாபத்தோடு ஏப்ரல் 15க்குள் வெளியே எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்த 5,500க்கு 2025 கணக்கில் ஒரு வரி, ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது மறுபடியும் ஒரு வரி. ஃபைலிங்குக்கு எக்ஸ்டென்ஷன் போட்டாலும் இந்தத் தேதி நகராது.

பேச்சின் நடுவில் மனைவி போனை நீட்டினார். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பட்டியல்: 2025க்குத் தம்பதிக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை, 30,000. வரித்துறையான ஐஆர்எஸ் 2024 அக்டோபரில் அறிவித்த எண் அதுதான். ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 31,500 ஆக்கிவிட்டது. 2026க்கு 32,200. பட்டியலில் பொய் எதுவும் இல்லை, பழசாகிவிட்டது, அவ்வளவுதான். எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அது எந்த வருடத்துக்கு, எப்போது சொன்னது என்று கேளுங்கள்.

அப்புறம், விலைவாசியோடு எல்லாமே ஏறும் என்றும் நினைக்காதீர்கள். பங்கில் நஷ்டம் வந்தால் சம்பள வருமானத்தில் வருடத்துக்குக் கழிக்க முடிவது 3,000 டாலர். 1978இலிருந்து அதே தொகை. குடியிருந்த வீட்டை விற்ற லாபத்தில் தம்பதிக்கு வரிவிலக்கு 5 லட்சம் டாலர். இது 1997இல் வைத்தது. வீட்டு விலை எங்கே போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும். பல வருடங்களுக்கு முன் வாங்கிய வீட்டை விற்கப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சமையலறையை மாற்றிக் கட்டிய பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது வாங்கிய விலையோடு சேரும், லாபம் அந்த அளவுக்குக் குறையும்.

2026இல் 401கே வரம்பு 24,500. இந்த வருடம் வேலை மாறுகிறவர்கள், பழைய கம்பெனியின் கடைசிச் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘இந்த வருடம் இதுவரை’ என்ற பத்தியில் 401கே-க்கு எதிரே இருக்கும் தொகையை, சேர்ந்த முதல் வாரமே புது ஹெச்ஆரிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

2025இல் மாறியவர்கள் இன்று இரவே இரண்டு டபிள்யூ-2வையும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். 23,500ஐத் தாண்டியிருந்தால் காலையில் முதல் வேலையாக, ஏதாவது ஒரு 401கே திட்டத்தின் நிர்வாகியைக் கூப்பிட்டு, கூடுதல் தொகையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தயவுசெய்து ஏப்ரல் 14 வரை வைத்திருக்காதீர்கள். படிவம் வாங்கி, சரிபார்த்து, செக் அனுப்ப அவர்களுக்கும் நாள் வேண்டும்.