தொட்டியில முள்ளங்கி போட்டா இலை மட்டும் ஏன் வருது?

மாடித்தோட்டம் ஆரம்பிக்கிறவங்க தக்காளி, மிளகாய்னு தைரியமா போவாங்க, கேரட் பீட்ரூட் முள்ளங்கின்னு வந்தா மட்டும் "இலை தளதளன்னு வந்துச்சு, பிடுங்கிப் பார்த்தா கீழ சுண்டுவிரல் தடிமன் கூட இல்ல"ன்னு புலம்பல்தான்.

கேரட்டும் பீட்ரூட்டும் ரெண்டு வருஷப் பயிர். முதல் பருவத்துல இலை தயாரிக்கிற சர்க்கரைல செலவு போக மிச்சத்தை வேர்ல சேர்த்து வச்சுக்கும், குளிர் தாண்டினப்புறம் அதை எடுத்துத்தான் பூத்து விதை வைக்கும். நாம நடுவுல புகுந்து அந்த சேமிப்பைத் தூக்கிப் பொரியல் பண்ணிடுறோம், அவ்ளோதான் கதை. அப்போ மிச்சமே இல்லேன்னா வேர் எப்படிப் பெருக்கும்? மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் ஊற வச்ச கரைசல்) மாதிரி தழைச்சத்து அதிகமா உள்ளதை வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்தினா செடி சம்பாதிச்சதையெல்லாம் புது இலை விடுறதுலயே போட்டுடும். வெயில் ஆறு மணி நேரமாவது படலேன்னா சம்பாத்தியமே கம்மி.

இதைவிடப் பெரிய பிரச்சனை நெருக்கம். முளைச்சதைக் கலைச்சு விட யாருக்கும் மனசு வராது, பாவமா இருக்கும், ஆனா முள்ளங்கிக்கு மூணு இன்ச், கேரட்டுக்கு ரெண்டு இன்ச், பீட்ரூட்டுக்கு நாலு இன்ச் இடைவெளி விட்டே ஆகணும். பீட்ரூட்ல ஒரு வேடிக்கை இருக்கு, பாக்கெட்ல சொரசொரன்னு நாம விதைன்னு நினைக்கிறது உண்மைல காய்ஞ்ச பழக்கொத்து, உள்ள ரெண்டு மூணு விதை இருக்கும், அதான் ஒண்ணு போட்ட இடத்துல மூணு முளைக்குது. நல்லதா ஒண்ண விட்டுட்டு மத்ததைக் கத்தரியால மண் மட்டத்துல வெட்டுங்க, பிடுங்கினா பக்கத்து வேரும் அசையும்.

வேர் அசைஞ்சா என்ன ஆகும்னா, ஆணிவேரோட நுனிதான் பக்கவேரை அடக்கி வச்சிருக்கு. நுனி ஒடிஞ்சாலோ கல்லு, கட்டி மண்ணுல முட்டிக்கிட்டாலோ பக்கவேர் ரெண்டு மூணு தடிச்சு, கேரட் கால் பிரிஞ்சு வரும். அதனால கேரட், முள்ளங்கிய நாத்து விட்டு எடுத்து நடாதீங்க, தொட்டிலயே நேரா விதைங்க. பீட்ரூட் மட்டும் ஓரளவு தாங்கும். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூணும் சமமா, மண்ணை மட்டும் சல்லடைல சலிச்சுட்டு கலந்தா போதும். கோகோபீட் கட்டிய ரெண்டு தடவை அலசிடுங்க, உப்பு இருக்கும். கேரட்டுக்குத் தொட்டி ஒரு அடி ஆழம் வேணும், முள்ளங்கிக்கு எட்டு பத்து இன்ச் ஓகே.

கேரட் விதை முளைக்க 10ல இருந்து 20 நாள் ஆகும், அதுவரைக்கும் மேல்மண் ஒரு நாள் காய்ஞ்சாலும் போச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடிட்டு முளை தெரிஞ்சதும் எடுத்துடலாம். முள்ளங்கி அஞ்சு நாளைக்குள்ள எட்டிப் பார்க்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்க அதுலயே தொடங்குங்க.

நிறமும் இனிப்பும் நல்லா ஏற கேரட்டுக்கு 15-20 டிகிரி வேணும், ஊட்டி கேரட்டுக்கு அந்த ருசி அதனாலதான். சென்னை, மதுரைப் பக்கம் ஐப்பசில விதைச்சா வேர் தடிக்கிற நேரம் மார்கழி, தைல வரும். சித்திரைல போட்டா வெளிறி, குட்டையா, காரலாத்தான் வரும், வேண்டாம்.

கேரட்டோட தோள், அதாவது இலைக்குக் கீழ இருக்கிற மேல்பகுதி, மண்ணுக்கு மேல தெரிஞ்சா உடனே மண் அணைங்க, இல்லேன்னா வெளிச்சம் பட்டு பச்சையாயிடும். தண்ணியும் ஒரே சீரா விடணும். நாலு நாள் காயப்போட்டு அப்புறம் மொத்தமா ஊத்தினா உள்சதை திடீர்னு உப்பி முள்ளங்கி வெடிச்சிடும். அதை 45 நாளுக்கு மேல விடவும் கூடாது, சக்கையாயிடும். அந்தக் கீரைய மட்டும் தூக்கிப் போடாதீங்க, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வச்சா கிழங்கை விட அதுதான் முதல்ல காலியாகும்.